டி.வி. படுத்தது, ஈசிஜி எழுந்தது... நம்ம ஆட்கள்?



எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்த அன்று வீட்டில் ஒரே சந்தோஷம். எங்கள் பரம்பரையிலேயே பாலிடெக்னிக் வாசலை மிதிக்கும் முதல் ஆள் நான்தான். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "உங்க மாமா கடையப் பாத்துமா அதையே படிக்கப் போற? அந்தத் தொழில்தான் படுத்துப் போச்சேடா!"

அம்மா கேட்டதில் தப்பில்லை. மஞ்சக்குப்பத்தில் மாமா டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழைய பெட்டி டி.வி.யில் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் படம் வந்துவிடும். பிளாட் டி.வி. வந்த பிறகு போர்டையே மாற்று, பேனல் போனால் செட்டையே மாற்று என்றாகிவிட்டது. கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு மாமா இப்போது நைட் வாட்ச்மேன்.

ஆனால் இதே டி.வி.யில் அடிபட்டு எழுந்த ஒரு கம்பெனி உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பி.பி.எல். பெயரைச் சொல்வார்கள். டி.பி.ஜி. நம்பியார் 1963-ல் பாலக்காட்டில் ஆரம்பித்தது. முதலில் ராணுவத்துக்கான மீட்டர்கள், அப்புறம் ஈசிஜி கருவிகள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு கலர் டி.வி.யில் இறங்கி, நாடு முழுக்கப் பேர் வாங்கியது. தொண்ணூறுகளில் கொரியா கம்பெனிகள் வந்தன. அடுத்த பத்து வருஷத்தில் பி.பி.எல். டி.வி. சரிந்தது. மருத்துவக் கருவிப் பிரிவோ நின்றது. அது தனிக் கம்பெனியாகி, 2013-ல் வெளி முதலீடு பெற்று, 2015-ல் மயக்க மருந்துக் கருவிகள் செய்யும் இங்கிலாந்தின் பென்லான் கம்பெனியையே வாங்கியது!

பிலிப்ஸும் இதே வழிதான். 2012-ல் டி.வி. பிரிவைக் கூட்டு நிறுவனத்திடம் விட்டது. 2016-ல் விளக்குப் பிரிவைத் தனியாகப் பங்குச் சந்தைக்கு அனுப்பியது. மருத்துவக் கருவிகளே பிரதானம் என்றானது.

இதற்குப் பேர் மறுசீரமைப்பு. நஷ்டத்தைச் சுருக்கு, லாபத்தை வளர்த்துவிடு. கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஓட்டைப் படகில் எல்லோரும் சேர்ந்து மூழ்குவதில் என்ன லாபம்? ஆனால் அந்தக் கணக்கில் பணம் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகிறது. ஆள் போகிறாரா? அதுதான் என் கேள்வி.

லாபப் பிரிவும் நிரந்தரமில்லை. மூச்சுக்கருவிகளில் கோளாறு என்று 2021-ல் பிலிப்ஸ் லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் 4,000 பேர், 2023 ஜனவரியில் மேலும் 6,000 பேர் என்று ஆட்குறைப்பு அறிவித்தது. ஆக, எந்தப் பிரிவு ஜெயித்தாலும் வெளியே போவது தொழிலாளிதானா?

'டி.வி. மெக்கானிக்குக்கு ஈசிஜி தெரியுமா' என்று கேட்பார்கள். எங்கள் பிராஜக்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதயத்திலிருந்து வரும் சிக்னல் ஒரு மில்லிவோல்ட் அளவுதான். அதை ஆம்ப்ளிஃபையரில் ஆயிரம் மடங்கு பெருக்கினோம். திரையில் இதயத்துடிப்பு வரவில்லை, கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் வந்தது. மூணு நாள் முட்டிக்கொண்டோம். நைட் டியூட்டி முடிந்து வந்த மாமா எட்டிப் பார்த்தார். "அடாப்டரத் தூக்கிப் போடு, பேட்டரியில ஓட்டு. ஒயரு ஏன் இப்படி அங்கங்க தொங்குது? ஷீல்டு ஒயரு போடுடா!" என்றார். பத்தே நிமிஷம். அலை அலையாய் என் இதயம் திரையில் ஓடியது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருத்துவக் கருவி டி.வி. மாதிரி இல்லை, உண்மைதான். ஒரு அளவு பிசகினால் உயிர் போகும். அளவு சரிபார்ப்பு, மின்கசிவுச் சோதனை எல்லாம் முறையாகப் படித்தே ஆகவேண்டும். படிக்க வேண்டும் என்கிறேன். படிக்க முடியாது என்றுதான் சொல்லாதீர்கள் என்கிறேன்.

தோழர்களே! கம்பெனிகளை நாம் திருத்த முடியாது. நம் கல்லூரி அளவில் ஒன்று செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆய்வகம் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. கடையை மூடிய மெக்கானிக்குகளுக்கு அதைத் திறந்துவிட்டு, மருத்துவக் கருவிப் பராமரிப்பில் ஒரு பயிற்சி நடத்த வேண்டும் என்று நம் பேரவை முதல்வரிடம் கேட்கட்டும். ஆசிரியர்கள் பாடம் சொல்லட்டும், நாம் கூட இருப்போம். சால்டரிங்கை அவர்களிடம் நாம் கற்றுக்கொள்வோம்.

நைட் டியூட்டி முடித்துவிட்டு வர மாமா ரெடி. ஆய்வகச் சாவிதான் வேண்டும்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை