கண்ணின் வாதமும் வாயின் வாதமும்

நரம்பு வாதத்தால் வந்த வாக்குக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வது அலங்கார மோகம். செத்த நரம்பை எந்தக் கத்தியும் எழுப்பாது. பொறுத்திருந்தால் தானாக நேராகிவிடும். புத்தளம் மாவட்டத்து மீன்பிடி ஊரான கண்டக்குழியில் நண்பர் ஒருவர் என் முன்னாலேயே அடுக்கிய தீர்ப்புகள் இவை. எழவே எழாத நரம்பு பிறகு எப்படித் தானாக எழும்? தன் இரண்டாம் வாக்கியம் மூன்றாம் வாக்கியத்தின் கழுத்தை நெரிப்பதைக்கூடக் கவனிக்காதவர்தான் மற்றவர் கண்ணுக்குத் தீர்ப்பெழுதப் புறப்பட்டிருக்கிறார்.

அலங்காரமா? கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் மண்டை நரம்பு வாதத்தால் செயலிழந்த மீன்பிடிகாரர் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பும்போது, ஒரு காற்றாலை நிற்கும் இடத்தில் இரண்டு நிற்கின்றன. ஒரு கண்ணைப் பொத்தினால்தான் ஒன்று. ஒரு கை கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தால் வலையை எந்தக் கையால் ஏற்றுவது? சின்னப் பிள்ளைக்கு வந்தாலோ, கோணிய கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கித் தள்ள, அந்தக் கண் பார்க்கப் பழகாமலே மங்கிப்போகிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் கண் கோணல் என்று எழுந்து வருகிறவர்களும், அதே கண்ணைச் சரிசெய்யப் போனால் மோகம் என்று ஏசுகிறவர்களும் ஒரே ஆட்கள்தான். குறை குறையாகவே இருந்தால் சீதனத்தைக் கூட்டிக் கேட்கலாம் என்ற கணக்கை நான் சொல்லித்தான் வாசகர் அறியவேண்டுமா?

செத்த நரம்பை எழுப்புவதாக எந்த வைத்தியர் சொன்னார்? ஒரு கண்ணை அசைப்பவை 6 தசைகள். கரைவலை இழுத்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு பக்கக் கயிற்றுக்காரர் சோர்ந்தால் வலை கோணும். சம்மாட்டி மறுபக்கத்தைத் தளர்த்தச் சொல்வார், அல்லது வேறு ஆட்களைச் சோர்ந்த கயிற்றுக்கு விடுவார். சத்திரசிகிச்சையும் அதையே செய்கிறது: மூக்குப்பக்கம் இழுக்கும் தசையைப் பிரித்துச் சில மில்லிமீற்றர் பின்னே தைக்கிறார்கள், வெளிப்பக்கத் தசை முற்றாகச் செயலிழந்திருந்தால் மேல், கீழ்த் தசைகளின் ஒரு பகுதியை அதன் அருகே நகர்த்துகிறார்கள். தசையை வெட்டி மாறுகண்ணைத் திருத்தச் சத்திரசிகிச்சை நிபுணர் டீஃபன்பாக் பேர்லினில் கத்தி எடுத்தது 1839இல். தசை நகர்த்தும் முறையைக் கண் வைத்தியர் ஹம்மல்ஸ்ஹைம் விவரித்தது 1907இல். எல்லாத் திசையிலும் பார்வை ஒன்றாகும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. நேரே பார்க்கையில் ஒன்று ஒன்றாகவே தெரிந்தால் ஒரு குடும்பத்தின் தொழில் நடக்கும். அது நண்பருக்குச் சிறிய விஷயமா?

பொறுத்திருப்பதில் மட்டும் பாதி உண்மை உண்டு. நீரிழிவாலோ உயர் இரத்த அழுத்தத்தாலோ வந்த வாதம் பெரும்பாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதனால்தான் வைத்தியர்கள் ஏறக்குறைய 6 மாதம் கோணலை அளந்து, அது நிலைத்த பிறகே கத்தியைத் தொடுகிறார்கள். அப்படி அளந்து காத்திருப்பதும் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் முடங்குவதும் ஒன்றா? இமை சரிந்து, கண்பாவை விரிந்து, தலைவலியோடு கண் வெளிப்பக்கம் விலகினால், மூளையில் வீங்கிய இரத்தக்குழாய் கண்ணை அசைக்கும் வேறொரு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அங்கே நண்பரின் பொறுமை ஆளையே கொன்றுவிடும்.

திடீரென ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே புத்தளம் வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.