ஹெபடைட்டிஸ் சி குணமாயிடுச்சு... புற்றுநோய் அபாயமும் போயிடுச்சா?

"கிருமி போயிடுச்சு, இனி ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம்." ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையை முடித்தவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் கூடவே எச்ஐவியும் இருந்தால், கதை அத்தோடு முடிவதில்லை.

முதலில் நல்ல செய்தி. ஹெபடைட்டிஸ் சிக்கான சோஃபோஸ்புவிர் மருந்து ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்தது. 2017 செப்டம்பரில், காப்புரிமை இருந்தும் அதன் மலிவான வகையை வாங்க மலேசியா சட்டப்படி வழி செய்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். ரவிடாஸ்விர் என்ற புதிய மருந்துக்கு 2021 ஜூனில் நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து மலேசியாவிலும் தாய்லந்திலும் 301 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். எச்ஐவி உள்ளவர்களிடமும் அதே பலன்தான்.

அப்புறம் என்ன கவலை?

இரண்டு கிருமிகள், இரண்டு வழிகள்

ஹெபடைட்டிஸ் சி கல்லீரலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் அழற்சியை உண்டாக்கும். செல்கள் அழிந்து, மீண்டும் மீண்டும் புதிதாக உருவாகும்போது மரபணுவில் பிழைகள் சேரும். தழும்பு கூடிக்கொண்டே போய் 'சிரோசிஸ்' நிலைக்கு வந்தால், கல்லீரல் புற்றுநோய் அபாயம் பெரிதாக ஏறும்.

எச்ஐவி வேறு மாதிரி. அது உடலின் காவலைத் தளர்த்துகிறது. அந்த இடைவெளியில் மற்ற கிருமிகள் புகுந்து விளையாடும். எச்பிவி கிருமி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இரண்டும் ஒரே உடலில் இருந்தால்? கல்லீரல் இன்னும் வேகமாகத் தழும்பாகும். இரண்டும் இரத்தம் வழியாகப் பரவக்கூடியவை என்பதால் சேர்ந்து வருவது அரிதல்ல. உலகில் சுமார் 2.3 மில்லியன் பேருக்கு இரண்டும் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பாதிக்கும் மேலானோர் ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோர்.

குணமான பிறகும் ஏன் ஸ்கேன்?

மருந்து கிருமியைத் துரத்தும். ஆனால் முற்றிய தழும்பு உடனே மறையாது. ஹெபடைட்டிஸ் சி குணமானால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைகிறது. குறைகிறது, ஆனால் பூஜ்ஜியமாவதில்லை. அதனால்தான் சிரோசிஸ் வரை போனவர்களை 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்யச் சொல்கிறார்கள். கல்லீரல் கட்டி தொடக்கத்தில் வலிக்காது. வலிக்கும்வரை காத்திருந்தால் சிகிச்சைக்கான வழிகள் சுருங்கிவிடும்.

இன்னொன்று: ஒருமுறை குணமானவருக்கு ஹெபடைட்டிஸ் சி மறுபடியும் தொற்றலாம். அதற்குத் தடுப்பூசி இல்லை.

கையில் இருக்கும் விஷயங்கள்

சிகரெட்: எச்ஐவி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் புகைபிடிப்பவர்கள், எய்ட்ஸ் தொடர்பான காரணங்களைவிட நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 6 முதல் 13 மடங்கு அதிகம் என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு கணித்தது.

மது, உடல்பருமன், நீரிழிவு: மூன்றும் ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குக் கூடுதல் சுமை.

ஹெபடைட்டிஸ் பி: இதுவும் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

எச்ஐவி மருந்து: தள்ளிப்போடாமல் உடனே தொடங்கியவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வந்ததை 2015இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு காட்டியது.

கருப்பை வாய்ப் பரிசோதனை: எச்ஐவி உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

இனி எது தடை?

மருந்தின் விலை பெரிய தடையாக இருந்த காலம் மலேசியாவில் மாறிவிட்டது. இப்போதைய தடை மனசில் இருக்கிறது. 'யாராவது பார்த்துட்டா என்ன நினைப்பாங்க' என்ற பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, குணமானதும் தொடர் சிகிச்சையை விட்டுவிடுவது. தழும்பு முற்றும் முன்பே மருந்து எடுத்தவருக்கும், முற்றிய பிறகு எடுத்தவருக்கும் கிருமி ஒரே மாதிரிதான் போகும். மிச்சமிருக்கும் அபாயம்தான் வேறு.

அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது "கிருமி போயிடுச்சா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "என் கல்லீரல்ல எவ்வளவு தழும்பு இருக்கு? அடுத்த ஸ்கேன் எப்போ?" என்றும் கேளுங்கள்.