ஆயத்தமாய் ஒரு சிறு பை

பயணங்கள் இருவகைப்படும். நாள் பார்த்து, விடுமுறை பெற்று, பேருந்தில் இருக்கையும் பதிந்துகொண்டு செல்வது ஒன்று. நம்மைக் கேளாமலே வந்து வாசலில் நிற்பது மற்றொன்று. முன்னாளில் தந்திச் சேவகன் கொண்டுவந்த செய்தியை இந்நாளிற் கைத்தொலைபேசி கொண்டுவருகின்றது. "அப்பாவை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள், உடனே வாருங்கள்" என்கிறது ஒரு குரல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவுப் பேருந்து புறப்பட ஒரு மணி நேரமே இருக்கின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் நம் வீடுகளில் நிகழ்வது யாது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தகப்பனார் சவர அலகைத் தேடுகிறார். மகன் துவாய் எங்கே என்கிறான். மகள் சீப்பைக் காணவில்லை என்கிறாள். இத்தனை கேள்விகளும் சென்று சேரும் இடம் ஒன்றே, அது தாய். கலங்கிய மனத்தோடு நிற்கும் அவளே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்து, எல்லோருடைய பையையும் கட்டி, கடைசியில் தனக்கென ஒரு சேலையை மாத்திரம் சுருட்டி வைத்துக்கொண்டு வண்டியேறுகிறாள். மறுநாட் காலையில், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருக்கும்போதுதான் தனக்குப் பற்தூரிகை இல்லை, சவர்க்காரம் இல்லை, தலைவாரச் சீப்பும் இல்லை என்பது அவளுக்குத் தெரியவருகின்றது. அடுத்த கட்டிலாரிடம் கேட்கக் கூச்சம். கடைக்குச் செல்ல நோயாளியை விட்டு நகர முடியாது. இரண்டு மூன்று நாள்கள் அவ்வாறே கழிகின்றன. இஃது எவரும் முறையிடாத ஒரு துன்பம். ஆயினும் துன்பமே.

இதற்கு மருந்து மிக எளியது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், முகங்கழுவவும் குளிக்கவும் வேண்டிய பொருள்கள் அடங்கிய சிறு பையொன்று எந்நாளும் கட்டியபடியே இருத்தல் வேண்டும். அன்றாடம் புழங்கும் பொருள்களை அதற்கு எடுக்கலாகாது. அதிலிருந்து அன்றாடத் தேவைக்கும் எடுக்கலாகாது. அழைப்பு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு புறப்படுவதே வேலை.

"நம் முன்னோர் இப்படிப் பை கட்டியா வைத்திருந்தார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. போகுமிடமெங்கும் வேம்பு நின்றது. குச்சியொடித்துப் பல் துலக்கினார்கள். உமிக்கரி எந்த வீட்டிலும் கிடைத்தது. தோளிற் கிடந்த துண்டே துவாயாயிற்று. ஆயினும் ஆயத்தம் என்பது அவர்கள் அறியாததன்று. பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டியில் வெற்றிலை பாக்கையும் சில்லறைக் காசையும் வைத்து மடியிற் செருகியிருந்த பாட்டிமாரைக் கண்டோர் இன்றும் உளர். பிதுக்கும் உலோகக் குழாயை 1841ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் ஜோன் ராண்ட் தம் வர்ணங்களுக்காகவே ஆக்கினார். அந்நூற்றாண்டின் இறுதியிற் பற்பசையும் அத்தகைய குழாயினுட் புகுந்தது. நைலோன் இழைப் பற்தூரிகை விற்பனைக்கு வந்தது 1938இல். மரத்தை விட்டுக் குழாய்க்கும் தூரிகைக்கும் வந்த நாம், அவற்றைக் கூடவே கொண்டுசெல்லவும் பழக வேண்டியவர்களானோம்.

நிற்க, பையினுள் இருக்கவேண்டியவை எவை? புதிய பற்தூரிகை ஒன்று, சிறிய பற்பசை, பாதியாக அரிந்து கடதாசியிற் சுற்றிய சவர்க்காரம், சீப்பு, விரைவில் உலரும் மெல்லிய துவாய், இரண்டு லேஞ்சிகள், நகவெட்டி, சிறு குப்பியில் எண்ணெய். ஆண்களுக்குச் சவரப் பொருள்கள். பெண்களுக்குச் சுகாதாரத் துவாய்களும் ஊசி நூலும் சேலைக்குத்தும். இவையே போதும். பை பாரமானால் அது பயணப் பெட்டியாகிவிடும். பெட்டியானால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்.

கட்டி வைத்த பொருளும் கவனியாதுவிடிற் கெடும். ஈரத் தூரிகையை மூடிய உறையில் வைத்தால் கிருமிகள் பெருகும். ஆதலால் பயணத்திற் பாவித்த தூரிகையை நன்கு காற்றில் உலர்த்திய பின்னரே உள்ளே வைத்தல் வேண்டும். மூன்று நான்கு மாதம் பாவித்த தூரிகை மாற்றப்படவேண்டியது என்பது பல்வைத்தியர்களின் பொதுவான அறிவுரை. ஈரச் சவர்க்காரமும் அவ்வாறே. குழைந்து மற்றப் பொருள்களையெல்லாம் பாழாக்கும்.

எண்ணெய்க் குப்பி பற்றி மாணவர்கள் அறியவேண்டிய உண்மையொன்றுண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. கீழே மூடிய குப்பியினுள் அடைபட்ட காற்று, மேலே சென்றதும் விரிந்து, திரவத்தை மூடியின் வழியே தள்ளுகின்றது. விமானத்தினுள்ளும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீற்றர் வரையுள்ள மலையின் மேலுள்ளதைப் போன்றதே. ஆகவே, நெகிழும் குப்பியானால் அதனை மெல்ல அமுக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பின் மூடவேண்டும். திரவங்களைத் தனியே ஒரு பொலித்தீன் பைக்குள் இடுவதும் நன்று.

விமானத்திற் செல்வோருக்கு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்று இங்கிலாந்தில் வெளிப்பட்டது. அதன் பின்னர், கையோடு கொண்டுசெல்லும் திரவமும் பசையும் ஒரு கொள்கலத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேற்படலாகாது என்ற விதி உலகின் பல விமான நிலையங்களில் வழக்குக்கு வந்தது. சிறு குப்பிகளையே முதலில் தெரிந்தெடுத்தால் ஒரே பை எல்லாப் பயணத்துக்கும் பொருந்தும். தனிச் சவர அலகு மாத்திரம் கைப்பையில் இருத்தலாகாது.

மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெப்பம் மருந்தைக் கெடுக்கும். அலுமாரியின் மேல் மாதக்கணக்காய் இருக்கும் பையில் மாத்திரைகளை வைத்துவிட்டு மறப்பது கூடாது. இன்சுலின் மருந்தின் திறவாத குப்பி 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருக்கவேண்டியது. ஆகையால் மருந்தை வைப்பதிலும், "குளிர்பெட்டியில் இன்சுலின், மேசையிற் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை" என்று ஒரு துண்டில் எழுதிப் பையின் வாயிற் குத்திவைப்பது சிறந்தது. கலங்கிய நேரத்தில் நினைவு கைவிடும், எழுத்துக் கைவிடாது.

இந்நாட்டில் வாழும் நமக்கு, அழைப்பு உறவினரிடமிருந்து மாத்திரம் வருவதன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்ததை மறந்தவர் இலர். மலையகத்தில், 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகள் மண்சரிவிற் புதையுண்டன. மண்சரிவு அபாயம் நேருங்கால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிப்படியாக எச்சரிக்கை விடுக்கின்றது. சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் பொருள் தேடி நிற்க நேரமில்லை. ஆயத்தமாய் இருக்கும் பை அத்தருணத்தில், "இன்னும் எடுக்கவேண்டியது உண்டு" என்ற தயக்கத்தை ஒழிக்கின்றது. பாடசாலைக் கட்டடத்திற் பலரோடு தங்கும் நாளில், சொந்தச் சவர்க்காரமும் பெண்பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துவாயும் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அனுபவித்தோர் அறிவர். ஆனால் 2004 டிசெம்பர் 26இற் போலக் கடலே எழுந்துவரும் வேளையிற் பையையும் மறந்து ஓடுதலே அறிவு. பை உயிருக்காக, உயிர் பைக்காக அன்று.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். பத்து வயதுப் பிள்ளை தன் பையைத் தானே கட்டலாம். முதல்முறை அம்மா அருகிலிருந்து காட்டட்டும். அதன்பின் அது பிள்ளையின் பொறுப்பு. பயணத்தால் திரும்பிய அன்றே துவாயைத் தோய்த்து, தூரிகையை உலர்த்தி, தீர்ந்ததை நிரப்பி, பையைப் பழைய இடத்தில் வைக்கவேண்டும். நாளைக்கு என்று விட்ட பை அடுத்த அழைப்பு வரும்போது வெறும் பையாகவே கிடக்கும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீடு துப்புரவாக்கும்போது ஒருமுறை திறந்து பார்த்தால் ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்ததாகிவிடும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு சொற்பம். நேரம் ஒரு மாலைப்பொழுது. வாசகர்கள் இன்று மாலையே தத்தம் வீட்டிற் பைகளைக் கட்டுவார்களாக. அவற்றுள் முதலிற் கட்டப்படும் பை அம்மாவினுடையதாக இருக்கட்டும். எல்லோரையும் ஆயத்தப்படுத்தி அனுப்புகிறவளும் ஒரு நாளேனும் ஆயத்தமாய்ப் புறப்படட்டும்.