ஔவையார் ஒருவர் அல்லர்

ஔவையார் என்ற பெயரில் தமிழில் பாடியவர்கள் பலர். அதியமானின் அவையில் இருந்த சங்கப் புலவர் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் செய்தவர் இன்னொருவர். விநாயகர் அகவலும் ஔவைக்குறளும் யோகநெறியில் நின்றவரின் குரலாக ஒலிக்கின்றன. இவை தவிர அசதிக்கோவை, பந்தன் அந்தாதி போன்ற நூல்களும், ஊர் ஊராகக் கூழுக்குப் பாடியதாகச் சொல்லப்படும் ஏராளமான தனிப்பாடல்களும் இதே பெயரில் வழங்குகின்றன. மொத்தம் எத்தனை ஔவையார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. இருவர் என்பாரும் உண்டு, அதற்கு மேல் எண்ணுவாரும் உண்டு. ஒருவர் அல்லர் என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமே இல்லை. இருந்தும் பொதுமனத்தில் நிற்பவர் நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக வரும் ஒரே பாட்டிதான்.

முதலாமவரின் பாடல்களாகச் சங்கத் தொகைகளில் 59 உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவர்களில் இவ்வளவு பாடியவர் வேறு எவரும் இல்லை. புறப்பாடல்களில் பெரும்பாலானவை தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைச் சுற்றியவை. தகடூர் இன்றைய தருமபுரி. இந்த அதியமான் பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளியைக் குறிக்கிறது. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு இந்தக் கல்வெட்டே விடை தந்தது.

இந்தப் புலவரின் முகம் பாட்டிக்குரியதாக இல்லை. புறநானூற்றின் 89-ஆம் பாடலில் பகை வேந்தன் ஒருவன், உங்கள் நாட்டில் போர் செய்வாரும் உளரோ என்று கேட்கிறான். கேட்கும்போது அவன் அழைப்பது மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் கொண்ட ஒரு விறலியை. அந்த விறலியாக நின்று விடை சொல்பவர் ஔவையார். தொண்டைமானிடம் தூது போனபோது பாடிய 95-ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. இங்கே உள்ள படைக்கலங்கள் மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளவென்று காவல்மனையில் இருக்கின்றன. எம் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் தொடங்கி, எதிரியின் ஆயுதம் போரே பார்த்ததில்லை என்று அவன் மாளிகையிலேயே சொல்லிவிட்டு வருவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனிடம், கலை கற்றவருக்கு எந்தத் திசைக்குப் போனாலும் சோறு உண்டு என்று சொல்லி மூட்டையைக் கட்டுபவரும் இவர்தான்.

அதியமான் இறந்தபின் பாடிய 235-ஆம் பாடல் தமிழின் மிகச் சிறந்த கையறுநிலைப் பாடல்களில் ஒன்று. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாம் பாட அவனும் மகிழ்ந்து உண்பான், எலும்போடு கூடிய இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எமக்கு அளிப்பான் என்று அந்த நட்பை நினைவுகூர்கிறது. அரசனும் புலவரும் ஓரிடத்தில் அமர்ந்து கள்ளும் ஊனும் பகிர்ந்துகொண்ட காலத்தின் பாட்டு இது. அகப்பாடல்களில் இதே புலவர் காதல் நோயைக் கூச்சமின்றிப் பாடுகிறார். குறுந்தொகை 28-இல், தன் வேதனை தெரியாமல் உறங்கும் ஊரை முட்டுவதா, தாக்குவதா, கூவி எழுப்புவதா என்று ஒரு பெண் தவிக்கிறாள்.

நீதிநூல் ஔவையார் இவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். சோழர் காலத்தவர், 12-ஆம் நூற்றாண்டினர் என்று பெரும்பாலும் கொள்ளப்படுகிறார். 109 அடிகள் கொண்ட ஆத்திசூடி, 91 அடிகள் கொண்ட கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவை இவர் பெயரில் உள்ளன. காலத்தைக் காட்டும் சான்று நல்வழிக்குள்ளேயே இருக்கிறது. அதன் கடைசி வெண்பா திருக்குறளோடு மூவர் தேவாரம், திருக்கோவையார், திருவாசகம், திருமூலர் வாக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. மாணிக்கவாசகருக்குப் பின் வந்தவர் அன்றி வேறு எவரும் இப்படி எழுதியிருக்க முடியாது. மூதுரையும் நல்வழியும் விநாயகர் வணக்கத்தோடு தொடங்குகின்றன; சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடே இல்லை. கருத்தும் மாறிவிட்டது. கொன்றைவேந்தன் புலால், கொலை, களவு மூன்றையும் விலக்கச் சொல்கிறது. போர்த்தொழிலே கூடாது என்கிறது ஆத்திசூடி. நுனி முறிந்த வேலைக் கொண்டாடியவரும் இதைச் சொன்னவரும் ஒருவரே என்று கொண்டால், இரண்டு பாட்டுக்கும் பொருள் கெடும்.

விநாயகர் அகவல் 72 அடிகளில் மூலாதாரம் தொடங்கி யோக நிலைகளை விளக்குகிறது. ஔவைக்குறள் 310 குறட்பாக்களில் அதே நெறியை விரிக்கிறது. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் புறப்பட்டபோது, பூசையை அவசரப்படுத்தாமல் அகவல் பாடிய ஔவையை விநாயகர் தும்பிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்பே கயிலையில் சேர்த்தார் என்பது கதை. சித்தர் மரபோடு வைத்துப் படிக்க வேண்டிய இந்த இரு நூல்களும் பள்ளிப் பாட்டியின் நிழலில் மறைந்து கிடப்பது பெரிய இழப்பு.

இத்தனை பேரும் ஒருவராக ஆனது எப்படி? பெயர் முதற்காரணம். ஔவை என்பது தாயையும் மூத்த பெண்ணையும் மதிப்போடு குறித்த சொல். காலந்தோறும் பலருக்குப் பொருந்தியது. கதை இரண்டாவது. புறநானூற்று 91-ஆம் பாடல், மலைப்பிளவில் அரிதாகப் பழுத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், இவர் சாகாதிருக்க வேண்டும் என்று அதியமான் தந்ததைப் பாடுகிறது. நன்றியறிதலாகச் சொன்ன அந்தச் செய்தியைப் பிற்காலத்தார் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நெல்லிக்கனி உண்டதால் ஔவையார் நூற்றாண்டுகள் தாண்டி வாழ்ந்து கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் சந்தித்தார் என்றாயிற்று. இடையில் இளமை வேண்டாமென்று விநாயகரிடம் முதுமையைக் கேட்டுப் பெற்ற கதையும், நாவல் மரத்தடியில் முருகனிடம் சுட்ட பழத்தால் தோற்ற கதையும் சேர்ந்தன. பாரி மகளிர் கதையும் இப்படியே கை மாறியது. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றவர் கபிலர் என்று புறநானூறு காட்டுகிறது. பிற்காலக் கதையில் அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயரிட்டு மணம் முடித்து வைப்பவர் ஔவையார். பெயர்க் குழப்பத்தில் கபிலரின் துயரமும் காணாமல் போயிற்று.

அச்சின் வரிசையும் இதற்குத் துணை செய்தது. நீதிநூல்கள் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் வாயில் வழங்கி வந்தவை. சங்க ஔவையாரோ உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகுதான் பரவலாகப் படிக்கக் கிடைத்தார். நற்றிணை அச்சேறியது 1915-இல். புலவர் வந்து சேர்ந்தபோது பாட்டி ஏற்கெனவே இருக்கையில் அமர்ந்திருந்தார்.

நாடகமும் திரைப்படமும் பாட்டிக்கே முகம் கொடுத்தன. டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து, அந்த வேடமே பட்டமாகி ஔவை சண்முகம் ஆனார். 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) படங்களிலும் ஔவையாராக வந்தவர் அவரே. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலையும் மூதாட்டியின் உருவமே. சண்முகத்தின் நினைவாகச் சென்னை லாயிட்ஸ் சாலை அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று; 1996-இல் கமல்ஹாசன் பெண் வேடமிட்ட ‘அவ்வை சண்முகி’ என்ற கற்பனைப் பாத்திரத்துக்கும் அந்தப் பெயரே மூலம். தகடூர் அவையில் தொடங்கிய பெயர் மேடை நடிகர், தெருப்பலகை வழியாகத் திரைப்பாத்திரம் வரை வந்திருக்கிறது.

இவற்றில் எதிலும் அடங்காத ஔவை நாஞ்சில் நாட்டில் இருக்கிறாள். ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் கூடி நோற்கும் ஔவையார் நோன்பில் ஆண்களுக்கு இடமில்லை. சிறு பையன்களையும் விடுவதில்லை. உப்பில்லாத அரிசிமாவுக் கொழுக்கட்டை படைத்து, வயதில் மூத்த பெண் ஔவை கதை சொல்வாள். அங்கே அவள் புலவர் அல்லள், அம்மன்.

ஒரே பெயருடையோரைப் பிரித்துக் காட்டும் வழி தமிழ் மரபுக்குத் தெரியாததல்ல. சங்க நூல்களைத் தொகுத்தவர்கள் ஊரையும் தொழிலையும் தந்தை பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பன போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. பதினோராந் திருமுறையில் உள்ள கபிலரும் பரணரும் நக்கீரரும் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் என்று தனி ஒட்டோடு நிற்கிறார்கள். பதினோராந் திருமுறைப் பட்டினத்தாரும் பிற்காலச் சித்தர் பட்டினத்தாரும் வேறு என்பதை இலக்கிய வரலாறுகள் தவறாமல் சொல்கின்றன. ஆண் புலவர்களுக்குக் காட்டிய இந்தக் கவனம் ஔவையாருக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் எழுதியது சிறிதளவே எஞ்சியுள்ள ஒரு நெடிய மரபில், தனித்தனியாக எண்ண வேண்டிய சில புலவர்களை ஒருவராகச் சுருக்குவது அந்தக் கணக்கை மேலும் குறைக்கிறது. ஆணுக்கு நிகராக அவையில் வாதிட்டவர், யோகம் பயின்றவர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் என்று பெண்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வகையில் எழுதினார்கள் என்ற வரலாறும் அதில் தொலைந்து போகிறது.

பதிப்பாளர்கள் செய்ய வேண்டியது கடினமானதன்று. சங்க ஔவையார், நீதிநூல் ஔவையார், அகவல் ஔவையார் என்று அட்டையிலும் ஆசிரியர் குறிப்பிலும் பிரித்து அச்சிடலாம். நூலகங்கள் அதே பிரிவோடு பட்டியலிடலாம். யார் பாடியது என்று துணிய முடியாத தனிப்பாடல்களை ‘ஔவையார் பெயரில் வழங்குவன’ என்று தனியே வைக்கலாம். ஆத்திசூடி சொல்லித் தரும் ஆசிரியர்கள், அடுத்த வகுப்பில் புறநானூற்றைத் திறக்கும்போது, இவர் வேறு ஔவையார் என்று முதலிலேயே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.