அந்த இடத்து அரிப்பும் ஒரு களிம்பு டியூபும்

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது பெண்குறித் தோலில் வருகிற ஒரு நாள்பட்ட நோயைப் பற்றிய பதிவு. கூச்சப்படுகிறவர்கள் இங்கேயே மூடிவிட்டுப் போகலாம். ஆனால் வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை, அக்கா என்று யாராவது இருந்தால், கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டே போங்கள்.

நோயின் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். வாயில் நுழையாத பெயர்தான். 1887-லேயே ஒரு பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். தமிழில் வீட்டுக்குள் புழங்குகிற பெயர் எதுவும் இதற்கு இல்லை. "கீழே அரிக்குது" என்பார்கள், "அந்த இடத்துல புண்ணு" என்பார்கள், இல்லையென்றால் ஒட்டுமொத்தமாக "சூடு" என்று முடித்துவிடுவார்கள். சூடு என்று சொல்லிவிட்டால் வைத்தியமும் கையோடு வந்துவிடும். வெந்தயம், மோர், எண்ணெய்க் குளியல். அரிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்டுக் கட்டிய டவுன்ஷிப். பிளாக் பிளாக்காக குவார்ட்டர்ஸ், மரங்கள், பள்ளிக்கூடங்கள், நிறுவனத்தின் சொந்த மருத்துவமனை. வெளியூர்க்காரர்கள் பார்த்துப் பொறாமைப்படுகிற ஊர். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை டவுன்ஷிப்பின் நல்ல குணமே கெட்ட குணமாகிவிடுகிறது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஓ.பி.யில் டோக்கன் போடுகிறவர் பக்கத்து பிளாக், ஊசி போடுகிற சிஸ்டர் கோவிலில் பார்க்கிறவர், மெயின் பஜார் மெடிக்கலில் நிற்கிற பையன் மகனோடு படித்தவன். இவர்கள் முன்னால் ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் எதைச் சொல்லுவார்? "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது.

இந்த நோய் வருகிற வயதும் ஒரு கொடுமை. மாதவிடாய் நின்ற பிறகுதான் அதிகம் வருகிறது. டவுன்ஷிப் கணக்கில் அது வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகிற நேரம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூருக்கோ, பண்ருட்டிக்கோ, கடலூருக்கோ வீடு பார்த்துப் போகிற நேரம். பழகின டாக்டரும் கைவிட்டுப் போவார். (வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் இது வரும். தோலுக்கடியில் ரத்தக் கசிவு தெரிவதால், யாரோ குழந்தையிடம் தவறாக நடந்துவிட்டார்கள் என்று குடும்பமே கலங்கிப்போவதும் உண்டு. சந்தேகம் வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும், கூடவே ஒரு தோல் மருத்துவரும் பார்க்க வேண்டும்.)

சரி, நோய் என்ன செய்கிறது? உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குகிறது. தோல் வெளுத்து, சிகரெட் சுற்றுகிற தாள் மாதிரி மெலிந்து சுருங்குகிறது. ராத்திரியில் அரிப்பு உயிரை வாங்கும். சொறிந்தால் கிழியும். நாளடைவில் உள் உதடுகள் ஒட்டிக் கரைந்து, வாய் குறுகிப்போகும். உட்காருவது, மலம் கழிப்பது, கணவரோடு சேருவது எல்லாமே வலி. இது தொற்று இல்லை, பால்வினை நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. இந்த வரியைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டு மேலே போங்கள். ஏனென்றால் இந்தப் பெண்கள் தங்களை அசுத்தமானவர்களாக நினைத்துக்கொண்டு டெட்டாலும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பாதித் தோலை உரித்துக்கொள்கிறார்கள்.

இது ஏதோ வெள்ளைக்காரர் நோய் என்று நினைக்க வேண்டாம். நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் புதுச்சேரி ஜிப்மர். அங்கே தோல் பிரிவுக்கு வந்த, பெண்குறியில் பால்வினை அல்லாத தோல் நோய் உள்ள 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் லைக்கன் ஸ்கிளிரோசஸுக்குத்தான். பக்கத்து ஊர்க்காரர்களுக்கே வந்திருக்கிறது, பெயர்தான் நமக்குத் தெரியவில்லை.

மருந்து இருக்கிறது. குளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. பெரியவர்களுக்கு வழக்கமான முறை இது: முதல் மாதம் தினமும் ராத்திரி ஒருவேளை, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு தடவை. மூன்று மாதத்துக்கு 30 கிராம் டியூப் ஒன்று போதும். பெரும்பாலானவர்களுக்கு அரிப்பு அடங்கிவிடும். விலையும் ஆளைக் கொல்லாது.

அப்புறம் எதற்கு இந்தப் பதிவு என்று கேட்கலாம். அரிப்பு அடங்குவது ஒன்று, நோய் போவது வேறொன்று. கரைந்துபோன உதடு திரும்பி வராது. சிலருக்கு வெளுப்பு அப்படியே இருக்கும். பலருக்கு மருந்தை நிறுத்தின சில மாதத்தில் திரும்பவும் ஆரம்பிக்கும். "டாக்டர் குடுத்த மருந்து கேக்கல" என்று கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் நிறைய இடங்களில் மருந்து கேட்டிருக்கிறது, நிறுத்தினதுதான் தப்பு.

சுரங்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். நெய்வேலி நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறு போட்டு ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைக்காவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிடும். "போன வாரம் இறைத்தாயிற்றே, இன்னும் எதற்கு" என்று யாரும் மோட்டாரை நிறுத்துவதில்லை. இந்தக் களிம்பும் அப்படித்தான். காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது மூலதனச் செலவே இல்லை, வருஷா வருஷம் வருகிற பராமரிப்புச் செலவு. அதை ஒருமுறை செலவாக எழுதினால் கணக்கு டாலி ஆகாது.

இதற்கு ஆதாரமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வந்தது. சொன்னபடி விடாமல் மருந்து போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ வரவில்லை. விட்டு விட்டுப் போட்டவர்களில் 4.7 சதவீதத்தினருக்கு வந்தது. அரிப்பு இல்லாதபோதும் வாரம் ஓரிரு தடவை போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் நம்மூரில் ஸ்டீராய்டு என்றாலே இரண்டு விதமான ஆட்கள். ஒரு கூட்டம் பேரைக் கேட்டாலே ஓடும். டியூபோடு வருகிற தாளில் "மறைவிடங்களில் தடவ வேண்டாம்" என்கிற மாதிரி எச்சரிக்கை இருக்கும். டாக்டர் அங்கேதான் தடவச் சொல்லியிருப்பார். பாவம், அந்தம்மா யாரை நம்புவார்? தடவுவதை விட்டுவிடுவார். ஒரு நிமிஷம் செலவழித்து "இந்த நோய்க்கு மட்டும் இது விதிவிலக்கு" என்று டாக்டர் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷம்தான் கிடைப்பதில்லை.

இன்னொரு கூட்டம் நேர் எதிர். மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த க்ரீமை வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் எல்லா இடத்துக்கும் பூசுகிறவர்கள். படர்தாமரைக்கு அதைப் பூசிப் பூசியே இன்றைக்கு நாடு முழுக்க மருந்துக்கு அடங்காத படர்தாமரை பரவிக் கிடக்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் 328 கலப்பு மருந்துகளைத் தடை செய்தபோது அதில் ஒரு பிரபலமான க்ரீமும் இருந்தது. சட்டம் வந்துவிட்டது, கவுண்டரில் கேட்கும் பழக்கம் போகவில்லை. லைக்கன் ஸ்கிளிரோசஸ் உள்ளவர் அந்தக் கலப்பு க்ரீமைப் போட்டால் இரண்டு நாள் சுகமாக இருக்கும். உள்ளே இருக்கிற நியோமைசின் மாதிரி சமாச்சாரங்கள் ஒவ்வாமையாகி, அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பும்.

சரியாகவே போட்டும் கேட்கவில்லை என்றால்? அப்போதுதான் திரும்பவும் டாக்டரிடம் போக வேண்டும். சரியான இடத்தில் தடவுகிறாரா என்பதே முதல் கேள்வி. கண்ணாடி வைத்துப் பார்த்துத் தடவச் சொன்னால் நம்மூர் அம்மாக்கள் அதிர்ச்சியாகிவிடுவார்கள். அறுபது வருஷம் அந்த இடத்தைப் பார்க்காமலே வாழ்ந்திருப்பார்கள். அடுத்து, மேலே பூஞ்சை சேர்ந்திருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிந்து தோலை ஊறவைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறு இந்த நோயோடு சேர்ந்தே வரக்கூடியது, அதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். டாக்ரோலிமஸ் என்ற களிம்பு அடுத்த படி. ஆறாத புண்ணோ, கெட்டியான தடிப்போ இருந்தால் தள்ளிப்போடாமல் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். லேசர் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பவர்கள் உண்டு. 2021-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நிஜ லேசர் வைத்தவர்களுக்கும் சும்மா வைப்பது போலச் செய்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. நகையை அடகு வைக்கும் முன் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்துக்கு வெளியே இருப்பதுதான் தினசரி வாழ்க்கை. சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். டிவி விளம்பரத்தில் வருகிற அந்தரங்க வாஷ், பவுடர், மஞ்சள், வேப்பிலை எதுவும் வேண்டாம். கழுவி ஒற்றியெடுத்துவிட்டு வாசலின் தடவிக்கொண்டால் சிறுநீர் பட்டு எரியாது. தளர்வான பருத்தி உள்ளாடை. சித்திரை வெயிலில் நைலான் பாவாடை கட்டிக்கொண்டு பஸ்ஸில் விருத்தாசலம் போய் வருவது சாதாரண உடம்புக்கே தண்டனை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் பாத்ரூம் போவதற்கு முன்னாலும் கை கழுவ வேண்டும், அந்தத் தோட்டு எண்ணெய் விரலையே பொசுக்கும்.

ஆனால் "தண்ணீரால் கழுவுங்கள்" என்பதும் எல்லாருக்கும் ஒரே அறிவுரை இல்லை. டவுன்ஷிப்பில் குழாயைத் திறந்தால் வரும். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்பது பல வருஷப் புகார். ஒப்பந்த வேலைக்கும் வீட்டு வேலைக்கும் டவுன்ஷிப்புக்குள் வந்து போகிற பெண்கள், பகல் முழுக்கக் கழிப்பறையைத் தள்ளிப்போட்டே பழகினவர்கள். அவர்களுக்கு வாசலின் டப்பாவைவிட முதலில் தேவை, வேலை செய்கிற இடத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை.

கணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிக்கிறது என்று விலகினால் "வயசாயிடுச்சுல்ல" என்று கிண்டல், இல்லாவிட்டால் சந்தேகம். டாக்டரிடம் மனைவியோடு உள்ளே வந்து, இது ஒட்டாது, யார் தப்பும் இல்லை என்று காதால் கேட்டுக்கொண்டு போகிற கணவர், பாதி வைத்தியத்தைச் செய்துவிடுகிறார்.

அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் போட வேண்டும் என்றெல்லாம் கேட்கத் தேவையில்லை. 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, பிறகு மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு நர்ஸ்களே செய்கிறார்கள். தனி அறை, மறைப்பு, விளக்கு, பயிற்சி பெற்ற பெண் நர்ஸ் எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. உள்ளே பார்ப்பதற்கு முன் வெளித்தோலை அரை நிமிஷம் பார்த்து, வெளுப்போ வெடிப்போ இருந்தால் தோல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினால் போதும். "அந்த இடத்துல அரிப்பு இருக்காம்மா?" என்ற கேள்வியை நர்ஸே முதலில் கேட்டுவிட்டால், இருபது வருஷமாக அதைச் சொல்ல முடியாமல் இருக்கிற ஓர் அம்மா "ஆமாம்" என்று தலையாட்டினால் மட்டும் போதும்.