பெட்டி முன்னே, பயணி பின்னே?

விம்கோ நகர் என்பது தீப்பெட்டிக் கம்பெனியால் வந்த பெயர். இன்று அங்கே மெட்ரோ இரயில் ஏறினால் நேரே மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கலாம். ஆனால் ஊருக்குப் பெயர் தந்த தீப்பெட்டிக்கு விமானத்தில் இடமில்லை. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. இதை யாரும் குறை சொல்வதில்லை. தீயின் குணம் அனைவரும் அறிந்ததே.

ஆனால் நம் நம்பிக்கைகளைச் சோதனைக்கு உட்படுத்தினால் மட்டும் மனம் சுணங்குகிறது. இராகு காலம் பார்த்துத்தான் வீட்டைவிட்டு இறங்குகிறோம். பூனை குறுக்கே போனால் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறோம். இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானங்களில் 13-ஆம் வரிசையே கிடையாது! இவற்றால் பிறருக்குத் தீங்கில்லை. அஞ்சும் மனத்துக்கு ஆறுதல் கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஆனால் 2017-இல் ஷாங்காய் விமான நிலையத்தில் நடந்தது வேறு. மூதாட்டி ஒருவர் பயணம் நலமாக முடிய வேண்டி, விமான எஞ்சினை நோக்கி நாணயங்களை எறிந்தார். பயணிகளை இறக்கி, எஞ்சினைச் சோதித்து, விமானம் புறப்படப் பல மணி நேரம் ஆயிற்று. தம் உயிருக்காகச் செய்த வேண்டுதல் அத்தனை பேர் உயிருக்கும் உலையாகப் பார்த்தது.

நம்மிடையே பரஸ்தானம் என்றொரு வழக்கம் உண்டு. பயண நாள் சரியில்லை என்றால், முன்னதாகவே நல்ல வேளை பார்த்துப் பெட்டியை அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி புறப்பட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. மாட்டுவண்டிக் காலத்தில் இதனால் கெட்டது ஒன்றுமில்லை.

விமானப் பாதுகாப்பின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் போகக்கூடாது. இந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, கொழும்பு விமானத்துக்கென ஒப்படைக்கப்பட்ட பெட்டிகள் மீனம்பாக்கத்தில் வெடித்தன. ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும், பெட்டிகளை அப்புறப்படுத்துவதற்குள் 30 பேர் அளவில் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேர் நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டார்களோ! மறு ஆண்டே, 1985 ஜூன் 23-இல், ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மேல் வெடித்து 329 பேர் மடிந்தனர். அங்கும் பெட்டி ஏறியது, பெட்டிக்குரியவர் ஏறவில்லை.

ஆகவே, "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? உங்கள் பார்வையிலேயே இருந்ததா?" என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். தெரிந்தவர் தந்த பொட்டலமேயானாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கட்டும். அது நம் ஒருவர் மனத்தைக் காக்கும். சோதனை வரிசையில் பொறுமையாக நிற்போம். அது உடன் வரும் அனைவர் உயிரையும் காக்கும். சகுனம் தனக்கு, சோதனை ஊருக்கு.