பழைய வானொலியும் புதிய கண்டென்சரும்

பாட்டனார் காலத்து வால்வு வானொலிப் பெட்டிகளைப் பரணினின்று இறக்கித் தூசி தட்டிப் பாடவைக்கும் ஆவல் இந்நாளில் இளைஞரிடையே காணப்படுகின்றது. போற்றற்குரிய ஆவலே அது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சென்னை வானொலி நிலையம் தொடங்கிய பின்னர் நம் ஊர்களுக்கு வந்துசேர்ந்த பிலிப்ஸ், மர்பி முதலிய பெட்டிகளுட் சில இன்னும் இல்லங்களிலும், கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூட அலமாரிகளிலும் உறங்குகின்றன. அவற்றைத் துயிலெழுப்ப விழைவோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது. உள்ளிருக்கும் பழைய கண்டென்சர்களை மாற்றலாமா, ஆகாதா என்பதே அவ்வழக்கு.

ஆகாது என்போர், பழமையைக் காப்பதாயின் ஒவ்வோர் உறுப்பும் பழையதாகவே இருத்தல் வேண்டும் என்றும், ஓடுமளவும் ஓடட்டும், பழுதுற்ற பின் பார்த்துக்கொள்வோம் என்றும் கூறுவர். அவர் உள்ளத்தை மதிக்கின்றோம். அவர் தீர்ப்பை ஏற்க இயலவில்லை.

அக்காலத்துக் கண்டென்சர்களுட் பெரும்பாலன, மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே காகிதத்தை வைத்துச் சுருட்டி, மெழுகு பூசப்பெற்றவை. காகிதமோ ஈரத்தைப் பருகும் இயல்பினது. மெழுகு எத்துணை நன்றாயினும், ஆண்டுகள் பல கழிந்தபின் ஈரம் உட்புகுந்தே தீரும். கடற்கரையூர்களில் சொல்லவே வேண்டுவதில்லை. அதன்பின், நேர் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தவேண்டிய உறுப்பு அதனைக் கசியவிடத் தொடங்குகின்றது.

இக்கசிவினால் விளையும் கேட்டை ஒரு கணக்கால் காட்டுவோம். ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வின் கிரிடிற்கும் அதற்கு முந்திய வால்வின் ஆனோடிற்கும் இடையே 0.01 மைக்ரோபாரட் அளவுள்ள ஒரு சிறு கண்டென்சர் நிற்கும். ஆனோடில் 100 வோல்ட் இருப்பதாகவும், கிரிடிலிருந்து தரைக்கு 5 லட்சம் ஓம் தடை இருப்பதாகவும் கொள்வோம். கண்டென்சரின் கசிவுத்தடை 1 கோடி ஓமாகக் குறைந்துவிட்டால், கிரிடின்மேல் ஏறக்குறைய 5 வோல்ட் நேர்மின்னழுத்தம் வந்து ஏறும். 6வி6 என்னும் வால்வு, ஆனோடில் 250 வோல்ட் பெறும்போது, கிரிடில் 12.5 வோல்ட் எதிர்மின்னழுத்தம் வேண்டுவது. அவ்வளவில் 5 வோல்ட் போய்விடின், வால்வு அளவிறந்த மின்சாரத்தை இழுத்துக் கொதிக்கும். அதனோடு நில்லாது, ஒலிபெருக்கிக்குரிய டிரான்ஸ்பார்மரின் சுற்று எரிந்துபோம். சில வேளை மின்வழங்கு டிரான்ஸ்பார்மரும் உடன் செல்லும். சில ரூபாய் பெறும் உறுப்பின்மேல் கொண்ட இரக்கம், இனிக் கிடைத்தற்கரிய உறுப்பைக் கொன்றுவிடுகின்றது. பழுதுற்ற பின் பார்த்துக்கொள்வோம் என்பார் இதனை எண்ணுதல் வேண்டும்.

‘மீட்டரில் அளந்து பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றது’ என்பர் சிலர். கையடக்க மீட்டரின் மின்கலம் கொடுப்பது ஒரு சில வோல்ட்டே. பெட்டியிலோ அதே உறுப்பு நூறும் இருநூறும் தாங்க வேண்டும். உரிய மின்னழுத்தத்தில் சோதித்தாலன்றி உண்மை வெளிப்படாது.

நிற்க, வால்வு பழுதுற்றால் வேறு வால்வு செருகுவதை இவருள் ஒருவரும் குற்றமென்னார். வால்வு செருகுகுழியில் நிற்பதாலும், கண்டென்சர் ஈயப்பற்றினால் நிற்பதாலும், ஒன்று மாற்றத்தக்கது, மற்றொன்று புனிதமானது என்று ஆகிவிடுமா? அப்பெட்டி புதிதாயிருந்த காலத்தில் அதனைப் பழுது பார்த்தவர் கசியும் கண்டென்சரைத் தயக்கமின்றி வெட்டியெறிந்திருப்பார்.

உயிரைப் பற்றிய செய்தியும் ஒன்றுண்டு. ஏசி, டிசி இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட பெட்டிகளில் டிரான்ஸ்பார்மர் இல்லை. மின்கம்பிகளுள் ஒன்று நேரே சேஸிஸுடன் இணைந்திருக்கும். ஏரியல் கம்பியைத் தொடுவானுக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே நிற்பது அங்குள்ள கண்டென்சர் ஒன்றே. அது கசியுமாயின் பழமைப் பற்றுப் பேச அங்கு இடமில்லை. அவ்விடத்தில் ‘ஒய்’ வகுப்பு என்று முத்திரையிடப்பட்டதையும், இரு மின்கம்பிகளுக்கும் குறுக்கே ‘எக்ஸ்’ வகுப்பையும் வைப்பதே முறை. பிற காகிதக் கண்டென்சர்களுக்கு 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் வகை பெரும்பாலும் போதும்.

எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் வேறு இயல்பின. அவற்றின் அலுமினியத் தகட்டின்மேல் படிந்த ஆக்சைடுப் படலம் பயன்படாதிருக்குங்கால் நலிகின்றது. மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றினால் மீளவும் படிவதுண்டு. ஆயினும் உள்ளிருந்த நீர்மம் உலர்ந்துவிட்டால் அம்முயற்சி வீணே. நாள்தோறும் பாடவேண்டிய பெட்டிக்குப் புதியதே நன்று. ‘பெரிதாயிருந்தால் இரைச்சல் குறையும்’ என்று 16 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் 100 வைப்பது பேதைமை. மின்சாரத்தை நேராக்கும் வால்வு தாங்கும் அளவுக்கு எல்லையுண்டு. இஇசட்80 வால்வுக்கு அது 50.

இவ்வளவும் கூறியதனால், எதிர்க்கட்சியாரோடு யாம் முழுதும் இணங்கியதாகக் கொள்ளலாகாது. பெட்டியைத் திறந்தவுடனே கண்ணிற் பட்ட கண்டென்சர்களையெல்லாம் ஒருங்கே பிடுங்கிப் புதியன நிரப்புவோர் உளர். மைக்கா, பீங்கான் வகைகள் பெரும்பாலும் இன்றும் நலமாகவே இருக்கின்றன. அலைவரிசை தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில் அவற்றை அசைத்தால் நிலையங்கள் இடம் பெயரும். அதனைச் சீர்செய்யச் சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். மேலும், பத்து உறுப்புகளை ஒருசேர மாற்றியவன், பெட்டி ஊமையாக நின்றால் எங்கே பிழை என்று தேடுவான்? ஒன்றை மாற்றி, வரைபடத்தோடு ஒப்புநோக்கி, பின்னரே அடுத்ததைத் தொடுவது நன்று. எலெக்ட்ரோலிடிக்கில் நேர், எதிர் முனைகளை இருமுறை பார்க்க வேண்டும், மாறினால் வெடிக்கும்.

மிக அரியதாய், அல்லது தொடக்ககால முயற்சிக்குச் சான்றாய் எஞ்சிய பெட்டி ஒன்று கிடைக்குமாயின் அதனை மின்சாரத்தோடு இணைக்கவே வேண்டா. காட்சிப் பொருளாக இருக்கட்டும். இடைப்பட்ட நிலையில், பழைய கண்டென்சரின் குழலைச் சூடாக்கி உள்ளீட்டை நீக்கி, புதிய சிறு கண்டென்சரை உள்ளே வைத்து மெழுகால் மூடுவாரும் உண்டு. பொறுமையுடையார்க்கு அது நல்ல வேலை. ஆனால் எல்லாரும் அவ்வாறே செய்தல் வேண்டுமென்று கடிந்துரைப்பது மிகை.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் இழைவிளக்கொன்றைத் தொடரில் இணைத்துக்கொள்க. உள்ளே கேடிருப்பின் விளக்கு பளிச்சென எரிந்து அறிவிக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தடையொன்றின் வழியே அதனை வடித்த பின்னரே கை நுழைக்க. கழற்றிய பழைய உறுப்புகளைக் குப்பையில் எறியாது, எந்நாளில் எவ்விடத்தினின்று எடுத்தோம் என்று குறித்த தாளுடன் உறையிலிட்டுப் பெட்டியின் உள்ளேயே, வால்வின் சூடு படாத மூலையில் வைத்துவிடுக.